அளவு சரி, அழுத்தம் எங்கே?

கார் வைத்திருக்கும் பலர் மெக்கானிக்கிடம் கேட்கும் கேள்வி இது. வண்டி நிற்கும்போது டிப் ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தால் ஆயில் மேல்கோட்டை ஒட்டி இருக்கிறது. நிதானமாக ஓட்டினால் எந்தத் தொந்தரவும் இல்லை. முன்னால் போகும் லாரியை முந்துவதற்காக ஆக்சிலரேட்டரை ஒரே மிதியாக மிதித்தால் மட்டும், டேஷ்போர்டில் எண்ணெய்க் குடுவை படம் போட்ட சிவப்பு விளக்கு மினுக்கென்று எரிகிறது. காலை எடுத்ததும் அணைந்துவிடுகிறது. ஆயில் இருக்கிறது என்றால் விளக்கு ஏன் எரிந்தது? இல்லையென்றால் ஏன் அணைந்தது?

கால் லிட்டர் ஊற்றிவிட்டு இதை மறந்துவிடுகிறவர்கள் அதிகம். மறந்துவிடக்கூடாத விளக்கு இது. நல்ல நிலையில் உள்ள இன்ஜின் வேகமாகச் சுழலும்போது அதனுள் ஓடும் எண்ணெயின் அழுத்தம் பொதுவாக 3 முதல் 5 பார் வரை இருக்கும். (நம்மைச் சுற்றியுள்ள காற்று நம்மீது செலுத்தும் அழுத்தம் ஏறத்தாழ 1 பார்.) பெரும்பாலான கார்களில் அந்த அழுத்தம் அரை பாருக்கும் கீழே சரிந்த பிறகுதான் விளக்கு எரியும். அதாவது விளக்கு எரிகிற அந்த நொடியில் அழுத்தம் கிட்டத்தட்ட இல்லாமலே போய்விட்டது.

டவர் அடித்த மரக்கட்டை

அழுத்தம் போனால் என்ன ஆகும் என்பதற்கு முன், அது எதற்காக இருக்கிறது என்று தெரிய வேண்டும். இங்கே ஒரு பழைய சோதனை உதவும்.

1883இல் இங்கிலாந்தில் பீச்சம் டவர் என்ற பொறியாளர் ரயில் வண்டி அச்சுகளின் பேரிங்குகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். அச்சின்மேல் கவிழ்ந்து உட்காரும் பித்தளைப் பேரிங்கின் உச்சியில், எண்ணெய் விடுவதற்காக ஒரு துளை போட்டார். அச்சைச் சுழற்றியதும் அந்தத் துளை வழியே எண்ணெய் உள்ளே போகவில்லை. மேலே பொங்கி வழிந்தது. மரக்கட்டை ஒன்றை அடித்து அடைத்தார். எண்ணெய் அந்தக் கட்டையையும் மெல்ல மெல்ல வெளியே தள்ளிவிட்டது. கடைசியில் அழுத்தமானி ஒன்றைப் பொருத்தினார். பேரிங்கின் மேல் இருந்த பாரத்தைச் சராசரியாகக் கணக்கிட்டால் ஒரு சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டுதான். அழுத்தமானியோ 200 பவுண்டைத் தாண்டிவிட்டது.

அந்த அச்சுக்கு எண்ணெய் ஏற்றும் பம்ப் எதுவும் கிடையாது. சுழலும் அச்சே எண்ணெயை இழுத்துக்கொண்டுபோய், தனக்கும் பேரிங்குக்கும் நடுவிலுள்ள குறுகலான இடைவெளியில் திணித்து, அந்த அழுத்தத்தை உண்டாக்கியிருந்தது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1886இல், ஆஸ்போர்ன் ரெய்னால்ட்ஸ் இதற்கான கணித விளக்கத்தைத் தந்தார். இன்றைய பேரிங் வடிவமைப்பு அந்த விளக்கத்திலிருந்தே கிளைத்தது.

கார் இன்ஜினிலும் நடப்பது இதுவே. கிராங்க் தண்டுக்கும் அதைத் தாங்கும் பேரிங்குக்கும் (மெக்கானிக்குகள் இதை மெட்டல் என்பார்கள்) நடுவில் இருக்கும் இடைவெளி சுமார் 0.05 மில்லிமீட்டர். அந்த இடைவெளியில் எண்ணெய்ப் படலத்தின் மேல் கிராங்க் மிதக்கிறது. பாரத்தைத் தாங்குவது அந்தப் படலம். பம்ப் தரும் 4 பார் அழுத்தத்துக்கு அவ்வளவு பாரம் தாங்கும் வலு கிடையாது. படலத்தின் ஓரங்கள் வழியே எண்ணெய் ஓயாமல் கசிந்து வெளியேறுகிறது; அந்த இடத்தைப் புது எண்ணெயால் விடாமல் நிரப்புவதுதான் பம்பின் வேலை. நிரப்புவது நின்றால் படலம் மெலியும், பிறகு அறுபடும். உலோகம் உலோகத்தைத் தொடும்.

முதலில் அடிபடுவது, கனெக்டிங் ராட் கிராங்கோடு சேரும் இடத்திலுள்ள பிக் எண்ட் பேரிங். அதற்கு எண்ணெய் நேராகப் போவதில்லை. கிராங்கின் நடுவிலுள்ள மெயின் பேரிங்குக்கு முதலில் போய், அங்கிருந்து கிராங்குக்குள் குடைந்த துளை வழியாக ராடுக்குச் செல்கிறது. சுழலும் தண்டுக்குள் நுழைய வேண்டுமானால், வெளியே வீசியெறியும் விசையை எதிர்த்து நுழைய வேண்டும். வேகம் கூடக்கூட அந்த எதிர்ப்பும் கூடும். அழுத்தம் குறைந்த எண்ணெய் அந்த வாசலிலேயே நின்றுவிடும்.

சாய்ந்து நிற்கும் எண்ணெய்

சென்னையில் தண்ணீர் லாரிக்குப் பின்னால் சிக்னலில் நின்றவர்களுக்கு இது தெரியும். பச்சை விழுந்து லாரி சட்டென்று கிளம்பினால், டாங்கின் மேல்மூடியிலிருந்து தண்ணீர் பின்பக்கமாகக் கொட்டும். லாரி முன்னே போகிறது, தண்ணீர் பழைய இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. ஆகவே டாங்கின் பின்பக்கம் தண்ணீர் ஏறுகிறது, முன்பக்கம் இறங்குகிறது.

இன்ஜினின் அடியில் இருக்கும் எண்ணெய்த் தொட்டியிலும் (நம் மெக்கானிக்குகள் சேம்பர் என்பார்கள்) அதேதான் நடக்கிறது. எவ்வளவு சாயும் என்பதைச் சொல்ல ஓர் எளிய வழி உண்டு. வேகம் கூடும் வீதத்தை, அதாவது முடுக்கத்தை, புவி ஈர்ப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். முடுக்கம் ஈர்ப்பில் பாதி என்றால், எண்ணெயின் மேற்பரப்பு இரண்டு அடிக்கு ஓர் அடி என்ற சரிவில், சுமார் 27 டிகிரி சாய்ந்து நிற்கும். ஈர்ப்புக்குச் சமமென்றால் 45 டிகிரி. எண்ணெயின் எடை, தடிமன், விலை எதுவும் இதை மாற்றாது. முடுக்கத்தையும் ஈர்ப்பையும் உள்ளிருந்தபடி பிரித்தறிய முடியாது என்று ஐன்ஸ்டைன் 1907இல் கண்ட உண்மை, சேம்பருக்குள் இருக்கும் எண்ணெய்க்கும் பொருந்தும். கார் சமதளத்தில் சீறுகிறதா, செங்குத்தான மேட்டில் மூக்கைத் தூக்கி நிற்கிறதா என்று அந்த எண்ணெய்க்குத் தெரியாது.

இந்த இடத்தில் மலைப்பாதையைப் பற்றிய ஒரு பயத்தையும் அகற்றிவிடலாம். நூறு அடிக்குப் பத்து அடி உயரும் மேடு நம் கண்ணுக்கு மிகச் செங்குத்தாகத் தெரியும். எண்ணெய்க்கு அது ஈர்ப்பில் பத்தில் ஒரு பங்கு முடுக்கம் மட்டுமே. சாய்வு 6 டிகிரிகூட இல்லை. மலையேறும்போது மட்டும் விளக்கு எரிந்தால் ஆயில் அளவே குறைந்திருக்க வாய்ப்பு அதிகம்.

இருசக்கர வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ஓர் ஆறுதல்: வளைவில் பைக் சாய்வதால், விசை எப்போதும் பைக்கின் அடிப்பாகத்தை நோக்கியே இழுக்கிறது. எண்ணெய் பக்கவாட்டில் ஒதுங்குவதில்லை. காருக்கு அந்த வசதி இல்லை.

ஒரு மஸ்டாங்கின் சேம்பர்

1964 ஏப்ரலில் ஃபோர்டு நிறுவனம் அமெரிக்காவில் மஸ்டாங் காரை அறிமுகப்படுத்தியது. எட்டு சிலிண்டர் இன்ஜின் பூட்டியவை சீக்கிரமே டிராக் பந்தயத்துக்கு வந்துவிட்டன. நேர்கோட்டில் கால் மைல், அதாவது 402 மீட்டர். நின்ற நிலையிலிருந்து பாய வேண்டும். அந்த இன்ஜினின் சேம்பரில் ஒரு தனித்தன்மை இருந்தது. ஸ்டீயரிங் கம்பிகளுக்கும் குறுக்குச் சட்டத்துக்கும் இடம்விட வேண்டியிருந்ததால் ஆழமான பகுதி முன்பக்கம் அமைந்தது. பின்பக்கம் ஆழமில்லாத ஒரு திண்ணை மாதிரி நீண்டிருந்தது. பம்ப் எண்ணெயை உறிஞ்சும் குழாயின் வாய், வலை போட்ட ஸ்ட்ரெயினர், முன்பக்க ஆழத்தில் இருந்தது. கார் பாயும்போது எண்ணெய் போவதோ பின்பக்கம்.

கணக்கு எளிதாக வர, இதே மாதிரி ஒரு தொட்டியை நாமே கற்பனை செய்துகொள்வோம். முன்பக்க ஆழப் பகுதி 25 செ.மீ. நீளம், 20 செ.மீ. அகலம். அதில் 4 லிட்டர் ஊற்றினால் 8 செ.மீ. ஆழம் நிற்கும். பின்சுவரின் உயரம் 10 செ.மீ.; அதைத் தாண்டினால் திண்ணை. ஸ்ட்ரெயினர் தொட்டியின் நட்டநடுவில், தரையிலிருந்து 1 செ.மீ. உயரத்தில்.

இன்ஜின் வேகமாகச் சுழலும்போது ஏறக்குறைய 1 லிட்டர் எண்ணெய் எப்போதும் மேலேதான் இருக்கும்: குழாய்களில், பேரிங்குகளில், சிலிண்டர் ஹெட்டில், திரும்பி வழிந்துகொண்டிருக்கும் சுவர்களில். தொட்டியில் மீதி 3 லிட்டர். இப்போது ஈர்ப்பில் பாதி முடுக்கத்தில் கார் பாய்கிறது. எண்ணெய் இரண்டுக்கு ஒன்று என்ற சரிவில் சாய்கிறது. பின்சுவரின் உச்சி 10 செ.மீ. என்பதால், அங்கிருந்து முன்னோக்கிச் சரிந்தால் 20 செ.மீ. தூரத்தில் எண்ணெய் தரையைத் தொட்டுவிடும். முன்பக்கம் 5 செ.மீ. வறண்டுபோகும். இந்த முக்கோணத்துக்குள் அடங்குவது 2 லிட்டர்தான். மூன்றாவது லிட்டர் பின்சுவரைத் தாண்டித் திண்ணைக்கு வழிந்துவிட்டது. திண்ணையும் எண்ணெயின் கணக்கில் 27 டிகிரி பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால், முடுக்கம் தொடரும்வரை அது திரும்பி வராது.

ஸ்ட்ரெயினர் இருக்கும் நடுவிடத்தில் இன்னும் 3.75 செ.மீ. ஆழம் இருக்கிறது. பயமில்லை என்று தோன்றும். ஆனால் பம்ப் வேலை செய்துகொண்டே இருக்கிறதே. நிமிடத்துக்கு 30 லிட்டர் இறைக்கிறது என்று வைத்துக்கொண்டால், நொடிக்கு அரை லிட்டர். மேலே போன எண்ணெயும் ஹெட்டின் பின்பக்கத் துளைகள் வழியாகவே இறங்குகிறது. அதுவும் திண்ணையில்தான் விழும். இரண்டு நொடியில் தொட்டியில் 1 லிட்டர்தான் மிஞ்சும். அப்போது நடுவிடத்தின் ஆழம் 1 செ.மீ.க்கும் கீழே. ஸ்ட்ரெயினர் காற்றை உறிஞ்சத் தொடங்கிவிட்டது.

பந்தய டயர் போட்டு, ஈர்ப்புக்குச் சமமான முடுக்கத்தில் பாய்ந்தால் அந்த இரண்டு நொடிகூட இல்லை. 45 டிகிரி சரிவில் தொட்டிக்குள் தங்குவது 1 லிட்டர் மட்டுமே, அதுவும் பின்சுவரை ஒட்டிய 10 செ.மீ. தூரத்துக்குள். நடுவில் இருக்கும் ஸ்ட்ரெயினர் உடனடியாக வெளியே தெரியும். இன்ஜின் நிமிடத்துக்கு 5,000 சுற்று சுழல்கிறது என்றால், ஒரே நொடியில் பிக் எண்ட் 83 சுற்று போகிறது. கசிந்த எண்ணெய்க்கு ஈடு வராமல் 83 சுற்று.

கார் நின்றதும் 4 லிட்டரும் வழிந்து முன்பக்கம் வந்துசேரும். டிப் ஸ்டிக் மேல்கோட்டைக் காட்டும். டிப் ஸ்டிக் பொய் சொல்லவில்லை. நாம் கேட்டது நிற்கும் காரைப் பற்றி.

பெரிய பம்ப் போட்டால்?

அழுத்தம் குறைகிறது என்றதும் முதலில் தோன்றுவது, அதிகம் இறைக்கும் பம்ப் ஒன்றை மாட்டுவது. கணக்கைத் திரும்பப் பாருங்கள். நொடிக்கு அரை லிட்டர் இறைத்தபோது இரண்டு நொடி தாங்கிய தொட்டி, முக்கால் லிட்டர் இறைத்தால் ஒன்றரை நொடிக்குள் வறண்டுவிடும். கையில் இல்லாத எண்ணெயை எந்தப் பம்பும் அழுத்த முடியாது. தடித்த ஆயிலுக்கு மாறுவதும் பெரும்பாலும் இதே வகை. நிற்கும் காரில் கேஜ் முள் உயர்ந்து மனதுக்கு நிம்மதி தரும். ஆனால் தடித்த எண்ணெய் ஹெட்டிலிருந்து மெதுவாகவே இறங்கும், ஸ்ட்ரெயினர் வழியே சிரமப்பட்டே ஏறும். நோய் என்னவென்று பார்க்காமல் செய்கிற இந்த வைத்தியத்தால் எத்தனையோ நல்ல இன்ஜின்கள் வீணாகின்றன என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

முள் எந்த நேரத்தில் விழுகிறது?

இனி உங்கள் காருக்கு வருவோம். அழுத்தம் விழுவதற்குக் காரணங்கள் பல. முள் எவ்வளவு விழுந்தது என்பதை மட்டும் வைத்து அவற்றைப் பிரிக்க முடியாது. எப்போது விழுந்தது என்பதைச் சேர்த்துப் பார்த்தால் முடியும்.

ஆனால் முதலில் விளக்கையே சந்தேகிக்க வேண்டும். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது இன்ஜின் தன் ரப்பர் மவுண்ட்டுகளின்மேல் ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டு எழும். அழுத்தம் பார்க்கும் சுவிட்சுக்குப் போகும் ஒயர் தேய்ந்திருந்தால், அந்த அசைவில் அது இன்ஜின் உடலைத் தொட்டு, விளக்கு காரணமில்லாமல் எரியும். அதனால் சுவிட்சைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் குழாய் வைத்த மெக்கானிக்கல் கேஜ் ஒன்றைப் பூட்டி, ஓட்டுநர் அல்லாத ஒருவர் பார்க்கும்படி வைத்துக்கொண்டு ஓட்டிப் பார்க்க வேண்டும். முள் விழவில்லை என்றால் ஒயரைச் சரிசெய்தால் போதும்.

முள் உண்மையாகவே விழுகிறது என்றால், அடுத்த சோதனை நின்ற இடத்தில். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, கியரில் போடாமல், சாலையில் விளக்கு எரிந்த அதே சுற்று வேகத்துக்குச் சில நொடிகள் மட்டும் இன்ஜினை உயர்த்துங்கள். சுற்று வேகம் அதே. முடுக்கம் மட்டும் இல்லை. எண்ணெய் சாய வழியே கிடையாது. இதிலும் முள் விழுந்தால், சாய்வின்மேல் பழிபோட முடியாது. பம்ப் கேட்கும் அளவு எண்ணெய் அதன் வாய்க்கு வந்து சேரவில்லை. சேம்பரைக் கழற்றினால் காரணம் பெரும்பாலும் ஸ்ட்ரெயினர் வலையிலேயே ஒட்டியிருக்கும்: தார் மாதிரி கெட்டிப்பட்ட பழைய ஆயில் கசடு, அல்லது கேஸ்கட்டுக்குத் தடவிய பசை பிதுங்கி உள்ளே உதிர்ந்த துணுக்குகள். மெதுவான ஓட்டத்தில் அந்த வலை போதுமான எண்ணெயை விடும். பம்ப் வேகமாகக் கேட்கும்போது விடாது.

நின்ற இடத்தில் முள் கம்பீரமாக நின்று, சாலையில் பாயும்போது மட்டும் விழுந்தால் சாய்வைச் சந்தேகிக்கலாம். இதை உறுதிப்படுத்த மெக்கானிக்குகள் செய்யும் ஒரு சோதனை உண்டு. ஒரு லிட்டர் ஆயிலைக் கூடுதலாக ஊற்றி, அதே சாலையில் அதே கியரில் ஒரே ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பார்கள். முள் விழுவது நின்றுவிட்டால் ஸ்ட்ரெயினர் வாய் வெளியே தெரிந்ததுதான் காரணம், அல்லது உறிஞ்சு குழாய் பம்போடு சேரும் இடத்தில் ரப்பர் வளையம் வெடித்து, எண்ணெய் மட்டம் இறங்கும்போது அங்கே காற்று புகுகிறது. சோதனை முடிந்ததும் கூடுதல் ஆயிலை இறக்கிவிட வேண்டும். அளவுக்கு மேல் ஆயில் இருந்தால், சுழலும் கிராங்க் அதைக் கடைந்து நுரையாக்கும். நுரையில் பாதி காற்று. அதை அனுப்பியும் பேரிங்குக்குப் பயனில்லை.

இன்னொரு வகையும் உண்டு. காலை குளிர்ந்த இன்ஜினில் எல்லாம் நன்றாக இருக்கும். மதியம் சூடேறி, சிக்னலில் நிற்கும்போது முள் தரையைத் தொடும். வேகம் கூட்டினால் முள்ளும் ஏறும். இது நாம் பேசும் நோய்க்கு நேர் எதிர். மெட்டல் தேய்ந்து இடைவெளி அகன்றுவிட்டது, அல்லது பெட்ரோல் கலந்து ஆயில் நீர்த்துவிட்டது. அழுத்தம் மிதித்ததும் விழுகிறதா, மிதித்ததும் எழுகிறதா என்ற ஒரே கேள்வி இந்த இரண்டையும் பிரித்துவிடும்.

கார் முன்சக்கரத்தால் ஓடுவதென்றால் இன்னொன்றைக் கவனியுங்கள். இந்தியச் சாலைகளில் ஓடும் சிறிய கார்களில் பெரும்பாலானவற்றில் இன்ஜின் குறுக்காகப் படுத்திருக்கும். சேம்பரின் குறுகிய பக்கம் பாய்ச்சலின் திசையில் இருப்பதால் எண்ணெய்க்கு ஓட இடம் குறைவு. அப்படிப்பட்ட காரில் சாதாரணச் சாலை முடுக்கத்துக்கே விளக்கு எரிந்தால், அளவு மிகவும் குறைந்திருக்கிறதா, ஸ்ட்ரெயினர் அடைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நீளவாக்கில் இன்ஜின் இருக்கும் காரில் நீண்ட வளைவுகள் ஓரளவு இரக்கம் காட்டும். குறுக்கு இன்ஜினில் அந்த வளைவுகள்தாம் எண்ணெயைத் தொலைவுக்கு ஓட்டும்.

எண்ணெயைக் கட்டிவைக்கும் வழிகள்

தண்ணீர் லாரியின் டாங்குக்குள் குறுக்கே தகடுகள் இருக்கும். சேம்பருக்குள்ளும் அதேபோல் தகடு வைக்கலாம். பந்தயக்காரர்கள் அதில் இன்னும் ஒரு படி போனார்கள்: ஸ்ட்ரெயினரைச் சுற்றி ஒரு சிறு அறை கட்டி, அதன் சுவர்களில் ஒருபக்கமாக மட்டும் திறக்கும் கீல்கதவுகளை வைத்தார்கள். எண்ணெய் உள்ளே வரலாம், வெளியேற முடியாது. கிராங்குக்கும் எண்ணெய்க்கும் நடுவில் ஒரு தட்டு வைத்தால் கடைவதும் குறையும். மஸ்டாங் ஓட்டியவர்களில் சிலர் ஸ்ட்ரெயினரையே பின்னுக்கு நகர்த்தி, சேம்பரையும் மாற்றினார்கள். பாயும்போது எண்ணெய் எங்கே போகிறதோ அங்கேயே வாயை வைத்துவிடுவது நேர்மையான தீர்வு. ஆனால் பிரேக் போடும்போது எண்ணெய் முன்னால் ஓடுமே என்பதையும் யோசித்தாக வேண்டும். டிராக் பந்தயத்தில் பிரேக் பிடிக்கும்போது இன்ஜினுக்குப் பாரமில்லை என்பதால் அது பொறுக்கும்.

இதையெல்லாம் தாண்டிய வழி, சேம்பரில் எண்ணெயே தேக்காமல் இருப்பது. ஒரு பம்ப் கீழே விழும் எண்ணெயை உடனுக்குடன் உறிஞ்சி, உயரமும் ஒடுக்கமுமான தனி டாங்குக்கு அனுப்பும். இன்னொரு பம்ப் அந்த டாங்கின் அடியிலிருந்து எடுத்து இன்ஜினுக்குத் தரும். டாங்க் ஒடுக்கமானது என்பதால் எவ்வளவு சாய்ந்தாலும் அடிவாய் எண்ணெய்க்குள்ளேயே இருக்கும். உலர் சேம்பர் என்று இதைச் சொல்லலாம். போர்ஷே 911 தொடக்கத்திலிருந்தே இதை வைத்திருந்தது. இந்த யோசனையின் ஒரு வடிவம் நம் தெருக்களிலும் பல்லாண்டு ஓடியிருக்கிறது: 1955 முதல் சென்னையில் உருவான பழைய ராயல் என்ஃபீல்டு புல்லட்டில் கிராங்க் அறையை ஒட்டியே, அதே வார்ப்புக்குள், எண்ணெய்க்குத் தனி அறை உண்டு. எண்ணெயைக் கொடுக்க ஒரு பம்ப், திரும்ப எடுக்க ஒரு பம்ப். புல்லட் வைத்திருந்தவர்களில் பலருக்கும் தங்கள் வண்டியில் அப்படியொரு ஏற்பாடு இருப்பது தெரிந்திருக்காது.

விளக்கு எரிந்த பிறகு

விளக்கு ஒரு தடவை எரிந்துவிட்டது. காரணமும் கண்டுபிடித்துச் சரிசெய்தாகிவிட்டது. மெட்டலுக்கு ஏதாவது ஆகியிருக்குமா? இன்ஜினைப் பிரிக்காமலேயே இதற்கு ஓரளவு பதில் கிடைக்கும். ஆயிலை ஒரு வெள்ளைத் தட்டில் இறக்கி வெயிலில் பாருங்கள். ஆயில் ஃபில்டரை அறுத்து, மடிப்புக் காகிதத்தை விரித்துப் பாருங்கள். காந்தத்தில் ஒட்டும் நுண்துகள் கொஞ்சம் இருப்பது வழக்கமான தேய்மானம். காந்தத்தில் ஒட்டாத, வெள்ளி போலவோ செம்பு போலவோ மின்னும் செதில்கள் தென்பட்டால் அவை பேரிங்கின் மேற்பூச்சும் அடிப்பூச்சும். செம்பு நிறம் தெரிகிறது என்றால் மேலடுக்கு ஏற்கெனவே போய்விட்டது. அந்த நிலையில் கிராங்க் இன்னும் வழவழப்பாக இருக்க வாய்ப்புண்டு. சேம்பரைக் கழற்றி, பிக் எண்ட் மூடிகளைத் திறந்து, மெட்டலை மட்டும் மாற்றினால் இன்ஜின் தப்பிவிடும். இன்னும் சில நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, அடியிலிருந்து தட்டும் சத்தம் கேட்ட பிறகு வந்தால், கிராங்கைக் கழற்றி கிரைண்டிங் செய்ய வேண்டியிருக்கும்.